பழைய எதிரியோடு மறுபடியும்

மொன்றியலில் சனிக்கிழமை காலை, ஜன்னலுக்கு வெளியே பனி. என்னைத் தங்க வைத்திருக்கும் சென்னைக்காரர், எஞ்சினியர் ராகவன், சிற்றலை வானொலியைத் திருகுகிறார். அவர் படித்த இங்கிலாந்து ஊரின் கால்பந்து அணி, கோப்பைப் போட்டியில் யார் யாரோடு மோதுவது என்று சீட்டுக் குலுக்கியதில் பழைய எதிரியோடு மறுபடியும் சேர்ந்திருக்கிறது; இன்று ஆட்டம்.

"போன தடவை இவங்க மோதினப்ப நானும் கிரவுண்டுல இருந்தேன். தோத்துட்டோம். வெளியே வந்ததும் என்னை அடிச்சாங்க."

"எதிர் டீம் ஆளுங்களா?"

"இல்ல, எங்க டீம் மஃப்ளர் போட்டவங்க. நானும் அதே மஃப்ளர்தான் போட்டிருந்தேன். அவங்க கண்ணுல என் தோல் நிறம்தான் பட்டுது."

"அப்புறம் ஏன் சார் இன்னும் கேக்கறீங்க?"

"எங்க டீம் தோக்கறதைக் கேக்கத்தான்."

கரகரப்புக்கு நடுவே அவருடைய அணி கோல் போடுகிறது. தன்னையறியாமல் மேசையைத் தட்டிவிடுகிறார். தட்டிய கையாலேயே வானொலியை அணைக்கிறார்.