அக்காவிடம் கோப்பை, தம்பியிடம் கெண்டி

கொதிக்கும் தேநீர் பட்டதும் கோப்பைக்குள் கற்கண்டு சடசடவென்று விரிசல் விட்டு ஓயும்வரை தால்கே அக்கா காது கொடுக்க மாட்டார். "மொதல்ல கற்கண்டு பேசி முடிக்கட்டும், அப்புறம் நீ பேசு" என்பார், எஞ்சின் நின்றுபோன பதற்றத்தில் ஓடிவந்தவரிடம்கூட. எண்ணெய்க் கறை ஏறிய தடித்த விரல்களுக்கு நடுவே ரோஜாப்பூ வரைந்த பீங்கான் கோப்பை முட்டை ஓடு போலிருக்கும். பாலாடையை ஓரமாக வழியவிடுவார். யாராவது கலக்கினால் போச்சு. "சேறு கலக்கணும்னா வாய்க்காலுக்குப் போ!"

கிழக்கு ஃப்ரீசியாவில் கடலணையை ஒட்டிய எங்கள் ஊரில் டிராக்டர் பழுது பார்ப்பவர் அவர் ஒருவர்தான். வயது அறுபத்திரண்டு. பட்டறைச் சுவரில் ஸ்பேனர்கள். கீழே வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஆறு கோப்பைகள். ஊற்றுவதோ நசுங்கிய அலுமினியக் கெண்டியிலிருந்து. ஏன் என்று கேட்டால், "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய்க் கேளு" என்பார்.

அந்தப் பக்கம் தம்பி ஹாயோவின் வயல். அம்மாவின் தேநீர்ச் செட்டைப் பங்கு போட்டபோது கோப்பைகள் அக்காவுக்கும் பீங்கான் கெண்டி தம்பிக்கும் போயின. விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. ஆறு வருடம் பேச்சில்லை. ஹாயோ அந்த அழகான கெண்டியிலிருந்து பீர்க் குவளையில் ஊற்றிக் குடித்துவந்தார்.

போன ஆகஸ்டில், பாதிக் கோதுமை வயலில் நிற்க, ஹாயோவின் அறுவடை இயந்திரம் படுத்துவிட்டது. கடல்மேல் கருமேகம். யாரும் கூப்பிடாமலே தால்கே அக்கா கருவிப்பெட்டியோடு பாலத்தைத் தாண்டினார். இரண்டு மணி நேரம் இயந்திரத்துக்கு அடியில் கிடந்தார்.

"பெல்ட்ட மாத்தி எத்தனை வருஷம்டா ஆச்சு?"

"ஆறு வருஷம், அக்கா. வேற யார்கிட்ட குடுக்கச் சொல்ற?"

அவ்வளவுதான் பேச்சு. கோதுமை நனையாமல் வீடு சேர்ந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு நான் பட்டறையில் இருந்தேன். ஹாயோ பீங்கான் கெண்டியைக் கம்பளிச் சட்டையில் சுற்றி மார்போடு அணைத்தபடி வந்தார். உள்ளே சுடச்சுடத் தேநீர்.

"ஆறிடப் போகுது. கோப்பைய எடு."

அக்கா ஒரு வாய் குடித்தார். "இது டீயா, ஆடு குளிப்பாட்டின தண்ணியா?" என்றார். ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

மூன்று கோப்பை ஆயிற்று. போதும் என்று காட்ட, எங்கள் ஊர் வழக்கப்படி, ஹாயோ கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு எழுந்தார். தால்கே அக்கா கரண்டியை வெளியே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, நான்காவது தடவை ஊற்றினார்.