எங்கள் கட்டிலைக் காட்சிக்கு வைத்தவருக்கு

வெள்ளை பெயின்ட் அடித்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் எங்கள் கட்டிலை வாங்கிக்கொண்டு போனீர்கள். அடிக்கவில்லை. நீங்கள் செய்தது துரோகம். அதனால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியருக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் முதலில் இருந்து எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. காரணம் பயம், வேறொன்றும் இல்லை. நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன்.

நானும் என் ரூம்மேட்டும் சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில் இருக்கிறோம். எனக்கு ராமநாதபுரம், அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். செல்போன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை. எங்கள் அறைக்குத் தகரக் கூரை. வெயில் காலத்தில் விடுமுறை நாள் வந்தால் எங்கே போய் உட்காருவது என்பதுதான் பெரிய கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓரகடம் போகிற வழியில் இருக்கும் பல்கலைக்கழக வாசலில் ஓவியக் கண்காட்சி, அனுமதி இலவசம் என்று பேனர் கட்டியிருந்தார்கள். உள்ளே ஏசி இருக்கும் என்று போனோம். ஓவியத்துக்காகப் போனோம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஏசி இருந்தது. சுத்தமான கழிப்பறையும் இருந்தது. எங்கள் மாடியில் நடப்பதுபோல, உள்ளே போனவுடன் வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்டவில்லை. அதற்குப் பிறகு கண்காட்சி மாறும்போதெல்லாம் போனோம். ஒரு தடவை கொடியில் காயும் துணிகளை மட்டுமே வரைந்த பெரிய படம் ஒன்று இருந்தது. நைட்டியில் இருந்த கிழிசலைக்கூட விடாமல் வரைந்திருந்தார்கள். அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு தடவை தரையில் செங்கல்லைக் குவித்துவைத்துச் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள்.

“ஏட்டி, கொத்தனாரு சாப்பிடப் போயிருக்காரோ?” என்றாள் ரூம்மேட்.

“சத்தம் போடாதடி. அதுதான் கலையாம்.”

“இதுவா? அப்பம் எங்கப்பா பாதியில நிப்பாட்டி வச்சிருக்க வீடு பூராவும் கலைதாம்ட்டி.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீங்கள்தான். கோபப்படாமல் பக்கத்தில் வந்து பேசினீர்கள். உங்களை அன்றைக்கு எங்களுக்குப் பிடித்துப்போனது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் அந்தச் செங்கல்லைப் படம் எடுக்கப் போனாள். போனில் ஒரே கறுப்பு. கேமராவின் மேல் கம்பெனி கேட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அது என்ன என்று கேட்டீர்கள். அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

உள்ளே யாரும் படம் எடுக்கக்கூடாது என்பதற்காக, வேலைக்குப் போகும்போது கேட்டில் செக்யூரிட்டி எங்கள் போன் கேமராவின் மேல் கேட் நம்பர் அச்சடித்த ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். பிரிவுக்கு ஒரு நிறம். எங்கள் லைனில் புது மாடல்களைச் சோதிக்கிறார்கள். அதற்கு ஊதா நிறம். அந்த நிறத்தில் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வெளியே வரும்போது செக்யூரிட்டியே அதை உரித்துப் பெட்டியில் போடவேண்டும். அது சட்டம். ஆனால் ஷிஃப்ட் விடும்போது கேட்டில் எள் விழ இடம் இருக்காது. பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். எங்கள் கேட்டில் நின்ற அக்கா, ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

“காட்டு, காட்டு. ஆங், கீது. போம்மா, அவன் உட்டுட்டுப் பூடுவான். அப்பால நடந்துதான் வூட்டுக்குப் போணும்.”

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு நாங்களே உரிப்போம். முக்கால்வாசிப் பேர் சீட்டின் முதுகில் ஒட்டிவிடுவார்கள். என் ரூம்மேட் மட்டும் அறைக்குக் கொண்டுவந்து எங்கள் இரும்புக் கட்டிலின் கம்பியில் ஒட்டினாள். கம்பி துருப்பிடித்து, படுத்து எழுந்தால் துணியெல்லாம் செங்கறை. அதை மறைக்க ஒட்டியது. நானும் ஒட்டினேன். காலப்போக்கில் கம்பியே தெரியாமல் ஊதாவாகிவிட்டது.

இதை அவள் உங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த வாரமே நீங்கள் அறைக்கு வந்து கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். இதைக் கொடுங்கள், புதுக் கட்டில் வாங்கித் தருகிறேன் என்றீர்கள்.

“சார், இந்தக் கலரப் பாத்தாலே எந்த லைன்னு கண்டுபிடிச்சிருவாங்க. நம்பர் வேற இருக்கு” என்றேன்.

“கலரே தெரியாதும்மா. மொத்தமா வெள்ளை பெயின்ட் அடிச்சிடுவேன். எனக்கு அந்த மேடுபள்ளம் மட்டும்தான் வேணும். என்னை நம்பலாம்.”

நம்பினோம். குட்டி யானை வண்டியில் கட்டில் ஏறிப்போனது. புதுக் கட்டில் வந்தது. கொடுத்த சொல்லில் அது ஒன்றைத்தான் காப்பாற்றினீர்கள்.

திறப்பு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தீர்கள். நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு போனோம். கூட்டம் இருந்தது. நடுவில், மேடை போட்டு, கட்டிலை நிமிர்த்தி நிறுத்தியிருந்தீர்கள். மேலிருந்து விளக்கு அடித்தது. அவ்வளவு வெளிச்சத்தில் அந்த ஊதா பளிச்சென்று எரிந்தது. ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் நம்பர் படிக்கத் தெரிந்தது.

யாராவது எங்களைப் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். அதற்குள் ரூம்மேட் என் கையைக் கிள்ளினாள்.

“ஏட்டி, அங்க பாரு. நம்ம எச்.ஆர். நிக்காரு.”

மாலை போட்டுக்கொண்டு நின்றார். எங்கள் கம்பெனி அதிகாரிதான் சிறப்பு விருந்தினர். அந்தக் கூடத்துக்கு விளக்கும் ஏசியும் போட்டுக்கொடுத்தது எங்கள் கம்பெனி என்று அங்கே மைக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் தேடித் தேடிப் போய் அனுபவித்த குளிர் அவர்கள் கொடுத்தது.

அவர் கட்டிலின் அருகில் போனார். ஒரு ஸ்டிக்கரை விரலால் தடவினார்.

“இது எங்க கேட் ஸ்டிக்கர் மாதிரி இருக்கே?”

“மாதிரி இல்ல சார், அதேதான். எல்லாம் ஒரிஜினல்” என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் படம் பிடித்தார். ஒன்று இல்லை, வரிசையாக. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். யாரையாவது தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கும் முன்னால் அவர் அப்படித்தான் சிரிப்பார்.

அப்போதுதான் நீங்கள் கூட்டத்தில் என்னைப் பார்த்தீர்கள். கையைத் தூக்கினீர்கள். “அதோ, அவங்களே...” என்று ஆரம்பித்தீர்கள்.

நான் ஓடினேன். பார்ப்பதற்குக் கேவலமாக இருந்திருக்கும். கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்தாரா, என் முகம் தெரிந்ததா, நீங்கள் மேற்கொண்டு என்ன சொன்னீர்கள், எதுவும் தெரியாது. கைதட்டல் மட்டும் கேட்டது. கூட்டத்துக்குப் பின்னால் போய்ப் பதுங்கியிருந்த ரூம்மேட் வந்து, எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தேன்.

மறுநாளிலிருந்து ஒரே பயம். லைனில் யார் முதுகுக்குப் பின்னால் நடந்தாலும் என்னைக் கூப்பிடத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஸ்க்ரூ கைநழுவி விழுந்தது. வேலை போனால் ஊருக்குப் போய் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, ரூம்மேட்டுடன்கூடப் பேச்சு நின்றுபோனது. கலகலப்பாக இருந்தவள், அவளும் வாயைத் திறப்பதில்லை.

கூப்பிடவில்லை. காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து, ஸ்டிக்கரை வெளியே கொண்டுபோனது யார் என்று கேட்டார். பஸ்ஸில் சீட்டெல்லாம் ஸ்டிக்கர். அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த வாரமே கேட்டில் ஆள் மாறியிருந்தது. புது ஆள் ஒவ்வொரு போனையும் வாங்கி நகத்தால் உரித்துப் பெட்டியில் போட்டார். பஸ் காத்துக்கொண்டு நின்றது. அக்கா எங்கே என்று கேட்டேன்.

“ஸ்டிக்கர வெளியில கொடுத்துச்சாம். நிறுத்திட்டாங்க. நீ போனைக் காட்டு.”

கையில் தனி ஸ்டிக்கர் இருந்தால், கேட்டில் ஒட்டியதை உள்ளே போய் உரித்துப் படம் எடுத்துவிட்டு, இதை ஒட்டிக்கொண்டு தெரியாமல் வெளியே வந்துவிடலாம். கம்பெனிக்கு அந்தச் சந்தேகம். அக்கா யாருக்கோ ஸ்டிக்கர் விற்றார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உங்கள் கட்டில்தான் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை வல்லம் வடகாலுக்கு அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனோம். அவருக்குக் கண்காட்சி என்று ஒன்று நடந்ததே தெரியாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கொடுத்த வாக்கையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

“கட்டில்ல ஒட்டினத இன்னாத்துக்கு லைட்டு போட்டுக் காட்றானுங்க? பாக்கறதுக்கு அதுல இன்னா கீது?” என்றார்.

“நாங்க எச்.ஆர்.கிட்டப் போயி சொல்லிருதோம்க்கா” என்றாள் ரூம்மேட்.

“வாய மூடுடி. நீ போய்ச் சொன்னா உங்க ரெண்டு பேரையும் சேத்து அனுப்புவான். அப்புறம் மூணு பேரும் ரோட்ல நிக்கணும். எனுக்கு வேல போனதுகூட இல்லம்மா. இங்க எல்லா கேட்டுக்கும் ஆள் உட்றது ஒரே ஏஜென்சி. திருட்டுப் பொம்பளன்னு எழுதிட்டான். இனிமே எந்தக் கேட்டாண்ட போய் நிப்பேன்?”

அவர் அழவில்லை. எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தண்ணீரைக் குடிக்க எனக்குப் பயமாக இருந்தது.

அங்கிருந்து நேராக உங்களிடம் வந்தோம். ஏன் பெயின்ட் அடிக்கவில்லை என்று கேட்டேன். ஒரு ஓரத்தில் அடித்துப் பார்த்தீர்களாம், கட்டிலின் உயிரே போய்விட்டதாம். கம்பெனியிடம் பேசுங்கள் சார், அக்கா கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

“கலை கேள்வியை எழுப்பும்மா. பதில் சொல்றது அதோட வேலை இல்ல” என்றீர்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அவங்க ஸ்பான்சர். நான் வாயைத் திறந்தா இந்தக் கூடத்தையே மூடிடுவாங்க. என் நிலைமையையும் பாரு” என்றீர்கள்.

பார்த்தேன். நீங்களும் பயந்துதான் போயிருக்கிறீர்கள். உங்கள் கை மேஜையின் மேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் உங்கள் பயத்துக்கு ஏசி அறை இருக்கிறது, சம்பளம் வருகிறது. அக்காவின் மேல் திருட்டுப் பட்டம் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கண்காட்சியின் கடைசி நாளன்று நீங்கள் பேசுவதாகவும், வந்தவர்கள் கேள்வி கேட்கலாம் என்றும் வாசலில் பேனர் தொங்குகிறது. கம்பெனி அதிகாரியும் வருகிறாராம். நானும் வருகிறேன். எழுந்து கேட்கும் தைரியம் அன்றைக்கு வருமா என்று தெரியவில்லை. அன்றோடு என் வேலையும் போகலாம். அதனால் கேள்வியை இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்த ஸ்டிக்கர்களை உங்களுக்குக் கொடுத்தது கேட்டில் நின்ற அக்காவா? ஆமாம் அல்லது இல்லை. எனக்குப் போன் செய்து சொல்ல வேண்டாம், அறைக்கு வந்து சமாதானம் பேச வேண்டாம். அந்த அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, மைக்கைப் பிடித்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.