இரண்டு ரவுண்டு வீரர்

அவருக்கு இடி என்று பட்டம் கொடுத்தது யாரோ, கொடுத்தவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். சத்தம் பலமாக இருக்கும், மழை மட்டும் வந்தபாடில்லை.

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் அவரைப்போல் ஓர் இடது கை அந்த ஊரில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் தோள்கள், அந்த உடம்புக்குச் சற்றும் பொருந்தாத வேகம். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, பிறக்கும்போதே கூட வந்தது. வேறொருவர் என்றால் அதை வைத்து ஏழு தலைமுறைக்குச் சம்பாதித்திருப்பார். இவர் அதை வைத்துத் தூங்கினார்.

மற்ற எடைப் பிரிவுக்காரர்கள் பாவம். எடை பார்க்கும் நாளுக்கு முன்பு பட்டினி கிடப்பார்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடி வியர்வை வடிப்பார்கள், எச்சிலைக்கூடத் துப்பிவிட்டுத்தான் தராசில் ஏறுவார்கள். ஹெவிவெயிட்டுக்கு மேல் வரம்பு கிடையாது. இடி வயிறு புடைக்கச் சாப்பிட்டுவிட்டு, செருப்போடு தராசில் ஏறி நின்று, அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். அவரிடம் 'போதும்' என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே பொருளான தராசும் வாயைத் திறக்கவில்லை.

கோச்சும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "பத்து ரவுண்டு நிக்கறவன்தான் காலங்காத்தால ஓடணும். நம்மாளு ரெண்டாவது ரவுண்டுலயே வீட்டுக்குப் போயிடுவான்" என்று போகிற இடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். பொய்யில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாரும் முதல் ரவுண்டிலோ இரண்டாவதிலோ சாய்ந்தார்கள். மூன்றாவது ரவுண்டு எப்படி இருக்கும் என்று இடிக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள கோச்சுக்கும் ஆசையில்லை.

அப்புறம் ஆமை வந்தார். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு சண்டை போடுவதால் அந்தப் பெயர். திறமை என்று பார்த்தால் மருந்துக்கும் கிடையாது. ஜெயிப்பவருக்கு வெளிநாட்டுப் போட்டி என்று பேச்சு. இரண்டு ரவுண்டு முழுக்க ஆமை அடி வாங்கினார், விழவில்லை. மூன்றாவதில் இடிக்கு மூச்சு இரைத்தது. நான்காவது முடிந்து மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்தவர், ஐந்தாவதுக்கு மணி அடிக்கும் முன்பே எழுந்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். தோள் பிசகிவிட்டது என்றார். எந்தத் தோள் என்பதை மறுநாள்தான் முடிவு செய்தார்.

அடுத்த வருஷமே அவருக்கு வாழ்க்கைப்பட்டவளைப் பற்றி என்ன சொல்ல? "தோள் சரியாகட்டும், அப்புறம் பாரு" என்றார். நம்பினாள். அந்தத் தோள் சரியாகும் வரை குடும்பம் ஓட வேண்டுமே என்று ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடப் போனாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஈரச் சிமெண்டுத் தரையில் நின்றபடி படுக்கை விரிப்பும் தலையணை உறையும் டாக்டர்களின் பச்சை அங்கியும் தேய்க்கிறாள். ஆவி முகத்தில் அடிக்கும், உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது.

அவரோ டீக்கடை பெஞ்சில். "அன்னிக்கு மட்டும் தோள் ஒத்துழைச்சிருந்தா" என்று ஆரம்பிப்பார். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டி டீ வாங்கிக் கொடுப்பார்கள். நடுவில் லாரி ஷெட்டிலும் தியேட்டர் வாசலிலும் வேலைக்குப் போகாமல் இல்லை. எதிலும் மூன்றாவது மாசச் சம்பளம் வாங்கியதில்லை.

இந்த வருஷம் அவள் கால் அவளைக் கைவிட்டது. நரம்பு முறுக்கிக்கொண்டு, கணுக்காலுக்கு மேல் வந்த புண் ஆறமாட்டேன் என்று அடம்பிடித்தது. டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "இனிமே நின்னுக்கிட்டு வேலை பாக்காதீங்க. பாத்தீங்கன்னா இந்தக் காலை என்னால காப்பாத்த முடியாது." சலவைக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை மேற்பார்வையாளருடையது ஒன்றுதான். அவர் எழுந்திருப்பதாக இல்லை.

ஆமை இப்போது டயர் கிடங்கு வைத்திருக்கிறார். அங்கே கேட்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவள் இடியிடம் சொன்னாள்.

"அந்த ஆமைகிட்டப் போய் நான் கைகட்டி நிக்கணுமா?"

"என் கால் போகப்போகுதுங்க. இந்த ஒரு தடவை எனக்காகப் போயிட்டு வாங்க."

பெரிய மனசு பண்ணிப் போனார். அன்று முழுக்க அவளுக்கு வேலையில் கை ஓடவில்லை. அவர் மட்டும் தலையாட்டிவிட்டு வந்தால் இந்த மாசத்தோடு நின்றுவிடலாம், கால் பிழைத்துவிடும் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் டீக்கடைக் கூட்டமே நின்றது. நடுவில் இடி, தலைகால் புரியாமல்.

"விஷயம் தெரியுமா உனக்கு? அன்னிக்கு அவன் விலா எலும்பு உடைஞ்சு போச்சாம். அஞ்சாவதுக்கு மணி அடிச்சா எழுந்திருக்க மாட்டேன்னு அவன் ஆளுங்ககிட்ட சொல்லிட்டானாம். நான் சும்மா எழுந்து நின்னிருந்தாப் போதும், ஜெயிச்சிருப்பேன். அவன் வாயாலேயே சொல்றான்."

"வேலை என்னாச்சு?"

"அவ்வளவு பெரிய விஷயம் பேசிட்டு, அதுக்கப்புறம் வாட்ச்மேன் வேலையா கேக்கறது? நல்லாவா இருக்கும்?"

கூட்டத்தில் ஒருவர், "அண்ணன் சாம்பியன்தான் அண்ணி, இன்னிக்குத்தான் உறுதியாச்சு" என்றார். எழுந்து நின்றிருந்தால் போதும் என்று தெரிந்தும் வெட்கப்படாமல் பூரிக்கிற மனுஷனை உலகத்தில் எங்காவது பார்க்க முடியுமா? இவர் தோளை நம்பி இத்தனை வருஷம் நின்றோமே என்று அவளுக்குத் தன்மேலும் ஆத்திரம் வந்தது. அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அன்றோடு விட்டுப்போயிற்று.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளே கிடங்குக்குப் போய், இடியின் மனைவி என்று சொன்னாள்.

"உக்காருங்கம்மா. அவர் வரலையா?" என்றார் ஆமை.

"வரமாட்டாரு. கேட்ல என்ன வேலை?"

"வண்டி வந்தா நம்பரை எழுதிக்கிட்டுக் கதவைத் திறக்கணும். தேவையில்லாத ஆளை உள்ள விடக்கூடாது. அவ்வளவுதான்."

"நின்னுக்கிட்டே இருக்கணுமா?"

"நாற்காலி இருக்கு. கதவுகூட பட்டனை அமுக்கினாத் தானா திறந்துக்கும்."

"அப்ப எனக்குக் குடுங்க."

ஆமை தயங்கினார். "பாத்தா நாலு பேர் பயப்படற மாதிரி ஆள் வேணும்னு நெனச்சேன்."

"எங்க வீட்டுக்காரரைப் பாத்து ரெண்டு ரவுண்டுதான் பயப்பட முடியும். என்னைப் பாத்தா சாயங்காலம் வரைக்கும் பயப்படலாம்."

ஆமை வாய்விட்டுச் சிரித்தார். திங்கட்கிழமையே வரச் சொன்னார்.

அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு நாள் காலையில் இடி கிடங்குக்கு வந்தார். டீக்கடை ஆட்கள் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். கேட் திறக்கும் என்று நேரே நடந்து வந்தவர், திறக்காததால் நின்றார்.

"யாரைப் பாக்கணும்?" என்றாள் அவள்.

"விளையாடறியா? முதலாளியைத்தான். அந்த விலா எலும்பு சமாசாரத்தை இவங்க முன்னாடி அவர் ஒரு தடவை சொல்லணும். சொன்னதும் போயிடுவோம்."

"வேலை நேரத்துல அரட்டைக்கு வர்றவங்களை விடறதில்லைங்க."

"நான் யாருன்னு தெரியும்ல?"

"தெரியும். அதான் விடல."

கூட வந்த இருவரும் சுவரைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள், பிறகு ஒருவருக்கு ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தது, இன்னொருவரும் அவரோடு கிளம்பினார். எப்படியும் மனம் இளகிவிடுவாள் என்று இடி மட்டும் அங்கேயே நின்றார். அவள் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. பின்னால் டயர் ஏற்றிய லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது.

"கொஞ்சம் ஓரமா போங்க, வண்டி உள்ள வரணும்" என்றாள்.

இடி ஓரமாகப் போய் நின்றார்.