கிழியாத பிள்ளையார்

கலண்டர் பிள்ளையார் ஒருவர் கிழியாமல் இருக்கும்வரை எங்கள் தலைக்கு மேலே நிற்கிற மலை சரியாது என்று நான் ஐந்து நாட்கள் நம்பினேன். பக்தியினால் நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். நான் நம்பியது படித்த திமிரினால்.

நாற்பத்தேழு வயதில் நான் ஒரு கல்லூரி மாணவன். வார நாட்களில் பதுளை நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் வேலை. சனி, ஞாயிறுகளில் அதே நகரத்தில் ஆசிரியர் டிப்ளோமா வகுப்பு. மற்ற எல்லோருக்கும் இருபதைச் சுற்றித்தான் வயது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்றது. விரிவுரையாளர் வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். உட்காரும்படி பெருந்தன்மையாகக் கைகாட்டிவிட்டுக் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தேன். அந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த மொத்த மரியாதை அவ்வளவுதான்.

கார்த்திகையில் விரிவுரையாளர் அம்மா எழுதிக் கொண்டுவர ஓர் ஒப்படை தந்தார்: ஊரின் இயற்கையும் பருவங்களும். பிள்ளைகள் நீர்வீழ்ச்சி, பனிமூட்டம், இயற்கை அன்னை என்று எழுதித் தள்ளினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே லயத்தில் நரைத்தவன். பத்து ஒற்றையறை வீடுகள், எங்கள் பேச்சில் காம்பராக்கள், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் லயம் அது. பின்சுவருக்கும் மலைக்கும் நடுவே மழைத் தண்ணீர் வடிகிற ஒரு கான் மட்டும் ஓடும். ஆடியில் கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கிப் பக்கத்துத் தோட்டத்தில் போடும். பங்குனியில் குடிக்கப் பிடிக்கிற ஊற்றுப் பீலித் தண்ணீர் நூலாகி நின்றுபோகும். ஐப்பசியில் மழை தொடங்கினால் அது பெய்வதில்லை, குடியேறுகிறது. அட்டைகள் வீட்டுக்குள் வந்து நம்மை விருந்தாளி மாதிரி பார்க்கும். அடிக்கிற அன்னையைப் பார்த்திருக்கிறேன். இப்படி வருடம் முழுக்க முறை வைத்து அடிக்கிற அன்னையைப் பார்த்ததில்லை. மழை அழகு என்பவர்கள் யாராவது இருந்தால், என் காம்பராவை ஒரு கிழமைக்குச் சும்மா தருகிறேன். ஒழுகும் இடங்களுக்கு நேரே பாத்திரம் வைக்கத் தரையில் சுண்ணாம்பு வட்டம்கூடப் போட்டு வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். விரிவுரையாளர் அம்மா சிரிக்கவில்லை. "வீட்டுச் சுவரில் வெடிப்பு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். போன மழைக்கு வந்த வெடிப்பு ஒன்று பின்சுவரில் சின்ன விரல் அளவுக்கு இருந்தது. "அதற்குக் குறுக்கே ஒரு கடதாசியை இரண்டு பக்கமும் ஒட்டிவையுங்கள். கடதாசி கிழிந்தால் மலை நகர்கிறது என்று அர்த்தம். அப்புறம் யோசிக்கவே கூடாது. வெளியேறிவிட வேண்டும்" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். கடையில் விலைபோகாமல் கிடந்த ஒற்றைத் தாள் கலண்டர் கட்டொன்றை முதலாளி எனக்குத் தந்திருந்தார். எல்லாத் தாளிலும் ஒரே பிள்ளையார். ஒரு பிள்ளையாரை வெட்டியெடுத்து வெடிப்பின் மேல் ஒட்டினேன். அளவெடுக்கும் கருவியும் ஆயிற்று, காவலும் ஆயிற்று என்று ஒரு கணக்கு. எதற்கு ஒட்டினேன் என்று மனைவியிடம் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். முறையை வெளியே விட்டால் என் மதிப்புப் போய்விடும் என்பது உண்மையான காரணம்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் பார்த்தேன். பிள்ளையார் முழுசாக இருந்தார். வெளியே மழை தகரத்தைக் கல்லால் அடிப்பது போல அடித்துக்கொண்டிருந்தது. ஒப்படைக் கொப்பியில் எழுதினேன்: "இரண்டாம் நாள். மலை அசையவில்லை." வியாழக்கிழமையும் முழுசாக இருந்தார். அன்றைக்குத்தான் கிராம சேவகர் குடையோடு வந்து, லயத்தை விட்டுவிட்டுத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்குள் லயமே என் இஸ்தோப்புத் திண்ணையில் கூடிவிட்டது.

கடைசிக் காம்பரா அக்காதான் முதலில் பேசினார். புருஷன் இல்லாதவர். கொழுந்தெடுத்து வருவதோடு ஒரு பசுவும் வைத்திருந்தார். அந்தப் பாலில்தான் பாதி வீடு ஓடியது.

"தம்பி, நீ படிச்சவன், நீ சொல்லு. போகணுமா, வேணாமா? பள்ளிக்கூடத்துல மாட்டைக் கட்ட எடமில்லேங்குறாங்க."

"நான் அளந்துகிட்டுத்தான் இருக்கேன் அக்கா. மலை ஒரு நூல்கூட அசையல."

"எப்புடி அளக்குற?"

"அது ஒரு முறை இருக்கு."

எல்லோருக்கும் போகாமலிருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒரு கக்கூஸ் உள்ள பள்ளிக்கூடத்துக்கு யாருக்கு ஆசை? நான் அந்தச் சாக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். மேல் லயத்துச் சனம் மூட்டை முடிச்சோடு இறங்கிப் போனபோது எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். "காலேஜ் நம்ம லயத்துல இருக்கு, நமக்கென்ன" என்று ஒருவர் சொன்னார். நான் தடுக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டேன்.

சனிக்கிழமை வழியில் மரம் விழுந்து பஸ் இல்லை. வகுப்பும் இல்லை. எட்டு மணிவரை தூங்கினேன். பத்து மணிக்குப் பிள்ளையாரைப் பார்த்தேன், முழுசு. சந்தோஷமாக ஒப்படை எழுத உட்கார்ந்தேன். "மலை ஒரு மூர்க்கன். ஆனால் அவனை அறிவால் அடக்கலாம்" என்று ஒரு வரி வந்தது. நல்ல வரி. முதலில் பழைய தாளில் எழுதிப் பார்க்கலாம் என்று கலண்டர் கட்டை எடுத்தேன். கட்டு மெலிந்திருந்தது.

"ஏ புள்ள, இந்தக் கலண்டரை எல்லாம் யாருக்குக் குடுத்த?"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "யாருக்கும் குடுக்கல. செவுத்துக்குத்தான்."

"எந்தச் செவுத்துக்கு?"

"என்னங்க கேக்குறீங்க? நீங்க ஒட்டுன சாமிதான் தெனம் கிழிஞ்சி போகுதே. கிழிஞ்ச சாமிய வீட்டுல வச்சிருக்கலாமா? மலையால கொழுந்தெடுத்துட்டு வந்ததும் மொத வேலையா வேற ஒண்ணு ஒட்டிருவேன். இன்னைக்கு நீங்க கொறட்டை விட்டுக்கிட்டு இருந்தப்பவே ஒட்டிட்டேன்."

"கிழிஞ்சது எங்க?"

"குப்பையிலயா போடுவாங்க? மழை விட்டதும் ஆத்துல விடலாம்னு வச்சிருக்கேன்."

சாமித் தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து விரித்தாள். நான்கு பிள்ளையார்கள். புதன்கிழமைக்காரரின் காதோரம் மயிரிழைக் கிழிசல். வியாழக்கிழமைக்காரர் காதிலிருந்து தொந்திவரை கிழிந்திருந்தார். வெள்ளிக்கிழமைக்காரர் இரண்டு துண்டு. அன்றைய காலைக்காரரும் இரண்டு துண்டுதான். "செவுத்துல இது ரெண்டுக்கும் நடுவுல என் கட்டவெரல் நொழஞ்சி போச்சுங்க" என்றாள், ஏதோ துணி அளவு சொல்வதைப் போல.

அடுத்த நிமிடத்தில் நான் செய்ததை மறைக்க மாட்டேன். கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டு, "மலை வருது! மலை வருது!" என்று அலறியபடி லயத்தின் அந்தக் கோடிவரை ஓடினேன். அங்கே போன பிறகுதான் மனைவி ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அடையாள அட்டைகள், பத்திரங்கள், என் சான்றிதழ்கள் எல்லாம் உள்ள பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மஞ்சள் துணியையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே வந்திருந்தாள். என் கையில் கேத்தல் இருந்தது. அதில் தேத்தண்ணி இருந்தது. கால் சுட்ட பிறகுதான் தெரிந்தது.

சனம் வெளியே வந்தது. யாரும் அசையவில்லை.

"முந்தாநாளு ஒரு நூல்கூட அசையலன்னீங்க?"

"தம்பி," என்றார் பசு அக்கா, "வியாழக்கெழமைக்கு ஒரு மலை, சனிக்கெழமைக்கு ஒரு மலையா? போய்த் தூங்கு. கேத்தலை உள்ள வையி."

வேறு வழியில்லை. என் பரம ரகசிய முறையை நடு மழையில் நின்று ஒப்பித்தேன். பசை, கடதாசி, மனைவி மாற்றியது, எல்லாம். நான் எதிர்பார்த்த மாதிரியே வசவு விழுந்தது. "பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்ல வாய் இல்ல, இவன் புள்ளைங்களுக்குப் படிச்சிக் குடுக்கப் போறானாம்" என்றது ஒரு குரல். ஆனாலும் கால்கள் அப்படியே நின்றன. அப்போது மனைவி மஞ்சள் துணியை விரித்துக் காட்டினாள். பெண்கள் குனிந்து பார்த்தார்கள். அவர்கள் மலையின் நகர்வைப் பார்த்ததாக நான் நினைக்கவில்லை. இரண்டாகப் பிளந்து கிடந்த பிள்ளையாரைப் பார்த்தார்கள். ஒருத்தி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் லயம் காலியாகிவிட்டது.

பசு அக்கா மட்டும் போகவில்லை. தொழுவம் லயத்தின் கோடியில், மலையை ஒட்டி இருந்தது. அவிழ்த்து விட்டும் பசு வெளியே வரவில்லை. கான் நிரம்பி வாசலை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைத் தாண்டப் பசு மறுத்தது. அவர் முன்னால் கயிற்றை இழுத்தார், நான் பின்னால் தள்ளினேன். வாலால் என் முகத்தில் ஓர் அறை விழுந்தது. சேற்றில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன்.

"வியாழக்கெழமையே சொல்லியிருந்தா வெயிலடிச்ச நேரத்துல ஓட்டிட்டுப் போயிருப்பேனே! அன்னைக்குக் கான் இப்புடியா இருந்திச்சு?"

"அக்கா, விட்டுட்டு வாங்க."

"நீ போ! ஒன் வாயில மண்ணு விழ!"

மேலே எங்கேயோ கற்கள் உருளும் சத்தம் கேட்டது. கானில் ஓடிய தண்ணீர் திடீரென்று நின்று, பிறகு செம்மண் குழம்பாக வந்தது. நான் அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். வழி முழுக்க என்னை அடித்துக்கொண்டே வந்தார். இன்றைக்கும் அவர் அடித்த தோளில் மழைக்காலத்தில் வலி வருகிறது.

ஒப்படையை நான் கொடுக்கவில்லை. அறிவால் அடக்கலாம் என்ற வரி உள்ள கொப்பி காம்பராவோடு போய்விட்டது. பசு அக்கா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. என் மனைவியோடு பேசுகிறார்.

அன்று நண்பகல் வேளையில் மலை இறங்கியது. லயத்தின் பத்துக் காம்பராக்களில் ஆறு மண்ணுக்குள் போயின. ஆட்கள் யாரும் சாகவில்லை. பசு செத்துப்போனது.