முப்பது லட்சம் வாங்கும் டாக்டர் ஸ்தனிஸ்லாஸ்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வீடு கட்டிப் பால் காய்ச்சினபோது டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் வந்து மொய் எழுதினார். எங்கள் பக்கத்தில் மொய் எழுதினவர் பேரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பார்கள். "டாக்டர் ஸ்தனிஸ்லாஸ், ஆஸ்பத்திரி மெடிக்கல் சூப்பிரண்டு, ஐநூறு" என்று வாசித்ததும் பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டுத் தலையைத் தூக்கினார்கள். அவருக்கு முன்னால் எழுதின ரஃபி, எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் பில் போடுகிறவன், அவனே ஆயிரம் எழுதியிருந்தான்.

அன்றைக்கு விழுந்த சந்தேகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி திருச்சி ரோட்டில் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரி, நூற்றைம்பது படுக்கை. மெடிக்கல் சூப்பிரண்டு என்றால் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, டாக்டர்களையும் நர்சுகளையும் வேலை வாங்குகிற டாக்டர். எல்லோரும் அவரை எம்.எஸ். என்பார்கள். ஆஸ்பத்திரி அவருக்கு ஒரு வெள்ளைக் காரும், அதை ஓட்ட என்னையும் கொடுத்திருந்தது. மூன்று வருஷம் ஓட்டினேன். ஒரு ஆளின் முதுகை மூன்று வருஷம் பார்த்தாலே குணம் தெரிந்துவிடும். கண்ணாடியில் நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஆனாலும் தெரியவில்லை.

எம்.எஸ்.ஸுக்குச் சொந்த ஊர் பஞ்சம்பட்டி. அப்பா வாத்தியார். மதுரையில் படித்துவிட்டு அரசாங்க வேலைக்குப் போய், வேடசந்தூர், பழனி என்று இருபத்து நாலு வருஷம். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, தபால் வழியில் ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்து இங்கே வந்து உட்கார்ந்தார். வயது ஐம்பத்தொன்பது. சம்சாரம் டெய்சி டீச்சர் கட்டிக் கொடுக்கிற தயிர்சாதத்தையும் ஒரு வெஞ்சனத்தையும் காரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். டீக்கடையில் மீதி இரண்டு ரூபாயைக் கேட்டு வாங்குவார். இரண்டே ஜோடிச் செருப்பு.

இம்புட்டுப் பெரிய வேலையில் இருக்கிறவன் இப்படி இருந்தால் என்ன அர்த்தம்? எங்கேயோ சேர்த்து வைக்கிறான் என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் பட்டது.

போன வருஷம் ஆடி மாசத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. துப்புரவு வேலையில் இருக்கும் இருபத்திரண்டு பேரில் ஐ.சி.யூ. பக்கம் நாலு பேரை நிறுத்தப் போகிறார்கள் என்று. அந்த நாலில் ஒன்று என் சம்சாரம் ஒச்சம்மாள். பதினோரு வருஷமாக ஐ.சி.யூ.வில் தரை துடைக்கிறவள். எங்கள் மகள் ஜீவிதா நர்சிங் இரண்டாம் வருஷம். அவள் ஃபீஸ் முழுக்க ஒச்சம்மாள் சம்பளத்தில்தான் போகிறது. என் சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போய்விடும். ஒச்சம்மாளுக்கு வேலை போனால் பிள்ளை படிப்பு பாதியில் நிற்கும்.

அதே வாரத்தில்தான் எம்.எஸ்.ஸுக்கும் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறார்கள் என்று ரஃபி சொன்னான்.

"ரெண்டையும் சேத்துப் பாருங்கண்ணே. நாலு பேரத் தூக்குனா மிச்சமாவுற காசு எங்க போவும்?"

"எங்க போவும்?"

"தூக்குனவரு பைக்குத்தான்."

வியாழக்கிழமை வடமதுரையில் இலவசக் கண் முகாம். எம்.எஸ். பின்சீட்டில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மெதுவாக வாயைக் கிண்டினேன்.

"ஏன் சார், மதுரைல பெரிய ஆஸ்பத்திரில இதே வேலைக்கு எம்புட்டுக் குடுப்பாங்க?"

"ஏன், நீ போகப் போறியா?"

"சும்மா கேக்குறேன் சார்."

"பெட்டு எத்தனைங்கிறதப் பொறுத்தது. ஐநூறு பெட்டுன்னா ஒரு வெல, நூத்தம்பதுன்னா ஒரு வெல. ஊரு பெருசுன்னா இன்னும் ஏறும். எத்தன வருஷம் பாத்திருக்கோம், என்ன படிச்சிருக்கோம், மொதலாளிக்கு நாம சொந்தமா, அதெல்லாம் பாப்பாங்க."

"நம்ம எலும்பு டாக்டருக்கும் உங்களுக்கும் ஒரே சம்பளமா சார்?"

சிரித்தார். "அவரு ஒரு மாசத்துல என்னைய மாதிரி ரெண்டு ஆளு. கையில கத்தி இருக்குல்ல. ஆனா அவருக்கு லீவுல கையெழுத்துப் போடுறது நான்தான்."

சிரிக்கிற ஆளை நம்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

முகாமில் இறங்கும்போது ஃபைலைச் சீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். மறந்தாரா, என்னை நம்பினாரா, அதுவும் எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டு ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஏழாம் வகுப்புப் படிப்புக்கு இங்கிலீஷ் ஒன்றும் ஓடவில்லை. மேலே அவர் பேர் இருந்தது. நடுவில் முப்பதுக்குப் பின்னால் ஐந்து சைபர். முதல் பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்துவிட்டு ஃபைலை இருந்தபடியே வைத்தேன்.

சாயங்காலம் மருந்துக்கடையில் ரஃபி படித்தான்.

"வருஷத்துக்கு முப்பது லட்சம்ணே." போனில் பன்னிரண்டால் வகுத்தான். "மாசம் ரெண்டர."

"ரெண்டர லட்சமா?"

"இங்க கீழ பாருங்க. எதெதுக்குப் போனஸுன்னு அஞ்சாறு போட்டிருக்கான். இதான் நம்மளுது. ஆளுக செலவு கொறஞ்சா அவருக்குக் காசு."

"நான் சொல்லல?"

"நான்தான்ணே சொன்னேன்."

மற்ற வரிகளை அவனும் படிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தேடினது கிடைத்துவிட்டால் அதற்கு மேல் யார் தேடுகிறார்கள்? ராத்திரிக்குள் அந்தப் படம் ஆஸ்பத்திரி முழுக்கப் போய்விட்டது. யார் அனுப்பினது என்று யாரும் சொல்லவில்லை. ஒச்சம்மாளுக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எம்.எஸ்.ஸை ஏற்றிக்கொண்டு வந்தால், கார் நிறுத்துகிற இடத்தில் துப்புரவுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒச்சம்மாள். நான் ஹாரன் அடித்தேன்.

"ஏறி வா, பாப்போம்" என்றாள்.

எம்.எஸ். இறங்கினார். "என்னம்மா இது?"

"சார், உங்களுக்கு மாசம் ரெண்டர லட்சம். எங்க நாலு பேருக்கும் சேத்து முப்பத்தாறாயிரம். அதையும் வழிச்செடுத்து உங்க பையில போடணுமா?"

"ரெண்டர லட்சம்னு யாரு சொன்னா?"

அவள் போனைக் காட்டினாள். எம்.எஸ். வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். ஒரு மூலையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திரும்பி என் தோளைப் பார்த்தார். என் பச்சைக் கட்டம் போட்ட துண்டு. படத்தின் மூலையிலும் அதே துண்டின் நுனி விழுந்திருந்தது.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் சேர்மன்கிட்டப் பேசிட்டு வாரேன். அதுக்குள்ள ஐ.சி.யூ.வப் பெருக்காம விட்ராதீங்க."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார். ரெண்டு பேரு உள்ளதான் தொடைக்கிறாக. நாங்க உக்காந்திருக்கது உங்களுக்காக."

மத்தியானம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நான் துண்டைக் காரிலேயே போட்டுவிட்டுப் போனேன். அதனால் என்ன பிரயோசனம்?

"சோலமல, படம் எடுக்குறவன் ரெண்டாவது பக்கத்தையும் எடுக்க வேணாமா?"

இரண்டாவது பக்கத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இந்தா, படி."

"இங்கிலீசு சார்."

"நம்பரப் படி."

அவர் விரல் வைத்த இடத்தில் படித்தேன். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம்.

"பன்னெண்டால வகு."

வகுக்க வேண்டியதில்லை. அது பதினாறாயிரம். மாசா மாசம் ஒன்றாந்தேதி என் கணக்கில் விழுகிற பணம்.

"இது என்னுது சார்."

"உன்னுதுதான். ஆனா என் சம்பளத்துக்குள்ள எழுதியிருக்கான். காரு, டீசலு, நீயி, மூணும் சேந்து நாலே கால் லட்சம். போனஸு ஏழு லட்சம், வந்தாத்தான் நெசம். பி.எஃப்., இன்சூரன்ஸு எல்லாம் போக மாசம் ஒண்ணு நாப்பது. அதுலயும் வரி. நீ என்னையப் பாத்து வயிறெரிஞ்சதுல உம் பங்கும் இருக்கு, சோலமல."

கேலி செய்கிறாரா, விஷயத்தைச் சொல்கிறாரா என்று பிடிபடவில்லை.

"என்னைய நிப்பாட்டப் போறீங்களா சார்?"

"இன்னும் முடிவு பண்ணல. போ."

மூன்று மணிக்குச் சேர்மன் அறைக்குள் போனார். சேர்மன் பொன்னழகு ஆஸ்பத்திரியைக் கட்டினவர். அறைக்கு வெளியே உட்கார்ந்து டைப் அடிக்கிற நான்சிக்கு உள்ளே பேசுவது கேட்கும். அவள் ரஃபியிடம் சொல்ல, ரஃபி என்னிடம் வந்து சொன்னான். நாலு பேரை நிறுத்துவதில் சேர்மனுக்கு மிச்சமாவது வருஷத்துக்கு நாலே கால் லட்சம் சொச்சம். எம்.எஸ்., "அதுதான் உங்களுக்கு வேணும்னா, என் சம்பளத்துலருந்து காரையும் டிரைவரையும் அடிச்சிருங்க. கணக்கு நேராயிரும்" என்றாராம்.

"சூப்பிரண்டு பஸ்ல வந்து எறங்குனா ஆஸ்பத்திரிய யாரு மதிப்பா, டாக்டர்?"

"பஸ்ல வரல. ஸ்கூட்டர்ல வாரேன்."

ஐந்து மணிக்கு எம்.எஸ். வெளியே வந்து, நாலு பேரும் இருக்கலாம் என்றார். பெண்கள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். ஒருத்தி கூடக் கும்பிடவில்லை. ஒச்சம்மாள் மட்டும் என் பக்கத்தில் வந்து, "ஏய்யா, உனக்கு என்னாச்சு?" என்றாள்.

எனக்கு ஆம்புலன்ஸ் ஆனது. அதில் ஓட்டிக்கொண்டிருந்த சௌகத் அலி வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் என்னைப் போட்டார்கள். சம்பளம் பதினாலாயிரத்து ஐந்நூறு. இனிமேல் நான் யாருடைய சம்பளத்துக்குள்ளும் இல்லை. அந்த ஆயிரத்தைந்நூறையும் காணோம்.

எம்.எஸ். மறுநாளே டெய்சி டீச்சருடைய பழைய ஸ்கூட்டரில் வந்தார். முன்னால் தயிர்சாதப் பை தொங்கியது. ஆஸ்பத்திரியே அவரைப் பற்றி நல்லவிதமாகப் பேசியது. ரஃபி கூட, "தப்பா நெனச்சிட்டோம்ணே" என்றான். எனக்கு ஒன்றுதான் இடித்தது. நாலே கால் லட்சத்தைச் சும்மா விடுகிற ஆள், டீக்கடையில் இரண்டு ரூபாயை ஏன் கேட்டு வாங்குகிறான்?

சித்திரையில் விடை கிடைத்தது. வருஷ முடிவில் போனஸ் போட்டார்கள். ரஃபி நான்சியிடம் விசாரித்து வந்தான்.

"ஏழுல அஞ்சர வாங்கிட்டாருண்ணே. ஆளு கொறைக்காததுக்கு மட்டும் புடிச்சிட்டாங்க. பெட்டு நெறஞ்சதுக்கு வந்துருச்சு. இன்சூரன்ஸுக்காரன் பில்லத் திருப்பி அனுப்பாததுக்கு வந்துருச்சு. ஆனா அதுல பெரிய தொக எது தெரியுமா? ஐ.சி.யூ.வுல புதுசா கிருமி தொத்தாம இருந்ததுக்கு."

நான் அவன் போனைப் பிடுங்கி அந்தப் பழைய படத்தை எடுத்து அவனையே படிக்கச் சொன்னேன். இருந்தது. அன்றைக்கு நாங்கள் படிக்காமல் விட்ட வரி. ஆள் செலவுக்கு நேர் மேலே.

எனக்கு எல்லாம் விளங்கினது போல இருந்தது. ஐ.சி.யூ.வில் தரை துடைக்கிற நாலு பேர் போனால் கிருமி வரும். கிருமி வந்தால் அவருடைய பெரிய தொகை போகும். நாலே காலை விட்டு ஐந்தரையைக் காப்பாற்றியிருக்கிறார். நாங்கள் அதை இரக்கம் என்று நினைத்தோம்.

மறுநாள் அவர் ஸ்கூட்டரை நிறுத்துகிறவரைக்கும் ஆம்புலன்ஸில் சாய்ந்து நின்றேன்.

"சார், ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அன்னைக்கு நாலு பேர நிப்பாட்டாம விட்டீகளே. அது அவுகளுக்காகவா, இல்ல கிருமிக் காசுக்காகவா?"

ஹெல்மெட்டைக் கழற்றினார். முடி ஒட்டிப் போயிருந்தது. "நீ என்ன நெனக்கிற?"

"நல்லதா நெனக்கல சார்."

"அப்ப அப்படியே நெனச்சுக்க. ஒச்சம்மாள் தொடைக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் கவலயில்ல." பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதை அப்படியே வீட்டில் சொன்னேன். ஒச்சம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும் வரைக்கும் கையை நிறுத்தவில்லை.

"கிருமி வரலன்னு அவருக்குக் காசு குடுத்தானா?"

"ஆமா."

"தொடச்சது யாரு?"

"நீ."

"அப்ப எம் பங்கு எங்க?"

எனக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை நாள் அந்த ஆள் திருடனா நல்லவனா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் நேராக எம்.எஸ். அறைக்குப் போனாள். நான் கீழே ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவாள் என்று பார்த்தேன். இருபது நிமிஷம் ஆனது. ஒரு துப்புரவுக்காரியிடம் சூப்பிரண்டுக்கு இருபது நிமிஷம் என்ன பேச்சு? ஆசை காட்டி மடக்குகிறாரா?

வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன சொன்னாரு?"

"நான் கேக்குறது நாயம்னாரு. இருவத்திரண்டு பேருக்கும் சேத்து ஒரு தொக கேட்டு எழுதிக் கொண்டாரச் சொன்னாரு. அவரு கையெழுத்துப் போட்டுச் சேர்மன்கிட்ட வச்சுப் பாக்குறேன்னாரு."

"பாக்குறேன்னா?"

"ஆமா."

"அம்புட்டுத்தானா? அதுக்கு இருவது நிமிசமா?"

"டீ குடுத்தாரு. குடிச்சேன்."

பார்க்கிறேன் என்று சொன்ன எந்த டாக்டரையும் நான் இதுவரை நம்பினதில்லை. இவரையும் நம்பவில்லை. மனுவில் தேதி போட்டு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும் என்று அவளிடம் கறாராகச் சொன்னேன். பிறகு எதிர்க்கடைக்குப் போய் இரண்டு வெள்ளைத் தாளும் ஒரு கார்பனும் வாங்கி வந்தேன்.