கிண்ணத்தின் அடியில் இருந்த பேர்

இத்தாலியின் பலெர்மோ நகரத் தமிழ் வீடுகளில் பேர் இல்லாத சட்டியைக் கண்டுபிடிப்பது கடினம். மடுமாதா பெருநாள் வந்தால் எல்லார் வீட்டுத் தாச்சிச் சட்டிகளும் சருவப் பானைகளும் கோயில் மண்டபத்துக்குப் போகும். திரும்பி வரும்போது எது யாருடையது என்று சண்டை வரும். அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் சொந்தக்காரரின் முதலெழுத்தைச் சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் எழுதி வைப்பார்கள். லண்டனுக்குப் போகிறவர்கள் விட்டுப்போன சட்டி கைக்கு வந்தால், முதல் வேலை பழைய பேரைச் சுரண்டுவது. சுரண்டாமல் வைத்திருந்தால், இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவள் என்று ஊர் சிரிக்கும். பேசாலையில் பிறந்து ஒரேத்தோப் பக்கம் குடியிருக்கும் அகஸ்ரீனாவுக்கு அந்தச் சிரிப்பென்றால் பயம். அடுத்தவர் கரண்டிகூட அவள் வீட்டில் ஓரிரவு தங்கியதில்லை.

பொலிதேயாமாப் பக்கம், நாலாம் மாடியில், சின்யோரா கத்தரீனா என்ற விதவையை அவள் பதினான்கு வருடம் பார்த்தாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், ஏச்சு வாங்கினாள். அந்த வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒரு மஞ்சள் சீனக் கிண்ணம் இருந்தது. அதை வளைத்துப் பிடித்தபடி ஒரு பச்சை டிராகன், காலுக்கு ஐந்து நகம். சீனச் சக்கரவர்த்தியின் அரண்மனைக் கிண்ணம் என்று சின்யோரா வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். சக்கரவர்த்தி அதில் என்ன சாப்பிட்டாரோ தெரியாது, தூசி தட்டியது அகஸ்ரீனாதான். தேவதூதர் மிக்கேல் சம்மனசு விழுத்திய அரக்கப் பாம்பு இதுதான் என்று நினைத்து, முதல் வருடம் முழுக்க அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியே வைத்தாள்.

ஏழாம் வருடம் அவளுடைய தாய் இறந்தாள். அந்த வாரம்தான் சின்யோரா விழுந்து இடுப்பை உடைத்திருந்தார். "நீ போனா நான் செத்துப்போவன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அகஸ்ரீனா போகவில்லை. தாயின் அடக்கத்தை அந்த வீட்டுக் குளியலறைக்குள் நின்று போனில் பார்த்தாள். சின்யோராவை அதற்காக அவள் மன்னிக்கவில்லை. தன்னையும்தான்.

போன மார்கழியில் ஒருநாள் சின்யோரா அலுமாரியைத் திறக்கச் சொல்லி, கிண்ணத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இது உனக்கு. உன்ரை அம்மாட்டை உன்னைப் போகவிடாததுக்கு."

தாயின் சாவுக்கு ஈடாக ஒரு கோப்பை! ஆனாலும் வாங்கினாள். செய்தது பிழை என்று ஏழு வருடம் கழித்தாவது அந்த வாய் சொல்லிற்றே, அதற்காக வாங்கினாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் பார்த்தால், அடியில் சதுரமாய்ச் சிவப்புக் கோடுகள். பழைய சொந்தக்காரரின் பேர். கியூட்டெக்ஸ் அழிக்கும் தண்ணீருக்கு அது அசையவில்லை. கழிவறை கழுவும் அசிட்டும் இரும்புச் சுருளுமாக மூன்று பின்னேரம் மல்லுக்கட்டி அழித்தாள். பிறகு 'அ.ஜோ' என்று தன் பேரை எழுதி, தாயின் படத்துக்குக் கீழே வைத்தாள்.

பங்குனியில் சின்யோரா இறந்தார். அவருடைய தம்பி மகன் லொரென்சோ, பழம்பொருள் மதிப்பிடுகிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு மிலானோவிலிருந்து வந்தார். அலுமாரியில் கிண்ணம் இல்லை. லொரென்சோவின் போன் வந்ததும் அகஸ்ரீனா கிண்ணத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு தானே போனாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

மதிப்பிடுபவர் கிண்ணத்தைக் கவிழ்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"சக்கரவர்த்தியின்ரை முத்திரை எங்கை?"

"நான்தான் அழிச்சனான்," என்றாள் அகஸ்ரீனா.

"ஏன்?"

"எனக்குத் தந்தது. பிறகு எதுக்கு அதிலை மற்றவையின்ரை பேர்?"

மதிப்பிடுபவர் லொரென்சோவின் பக்கம் திரும்பினார். "அரண்மனையிலை களவெடுத்த வேலைக்காரரும் இதைத்தான் செய்தவையாம். முதல் வேலையா முத்திரையைத் தேய்க்கிறது."

அவள் தாயின் கதையைச் சொன்னாள். அடுப்படியில் பழகிய இத்தாலியன் பாஷை அந்தக் கதைக்குப் போதவில்லை. லொரென்சோ குறுக்கிடாமல் கேட்டார்.

"உனக்குப் போக விருப்பமில்லை எண்டல்லோ மாமி எங்களுக்குச் சொன்னவ," என்றார். "டிக்கற் எடுத்துத் தாறன் எண்டு சொல்லியும் நீ மாட்டன் எண்டனியாம்."

செத்தவளோடு எப்படி வழக்குப் பேசுவது? பச்சைப் பொய்யைச் சொல்லிவிட்டு, ஆறுதலாய்ப் போய்ப் படுத்துவிட்டாள் கிழவி. கிண்ணம் லொரென்சோவின் மேசையிலேயே நின்றுவிட்டது. பொலிசுக்குப் போகமாட்டேன் என்று அவர் பெருந்தன்மை காட்டினார். மாமியின் நினைவுக்குச் செய்யும் மரியாதையாம்.

வீட்டில் அவளுடைய கணவர் ஜோக்கிம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். அன்று லீவு. அவள் சொன்னதையெல்லாம் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"கோவிக்காதையும்," என்றார். "என்னட்டை மட்டும் உண்மையைச் சொல்லும். மனிசி தந்தவவோ?"

இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் உண்டு உறங்கிய மனிதர் கேட்டார். அகஸ்ரீனாவுக்கு அழுகை வரவில்லை. வெறும் துவாயைக் கதிரையில் எறிந்தாள்.

"இல்லை. களவெடுத்தனான்," என்றாள்.

ஜோக்கிம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"அப்ப என்ன விசருக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்தனீர்?"