பகல் மாத்திரை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது எனக்கு நடந்தது. நேரங்களை நோயாளிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

தமன்ஹூர் நகரில் வீடு வீடாகப் போய், வயதானவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் நர்ஸ் நான். போன ரமலானில், ஹாஜியார் தசூகியின் மனைவி இன்ஷிராஹ் நோன்பு பிடித்தே தீருவேன் என்றார். சர்க்கரை மாத்திரையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். சீட்டைச் சரியாகப் பார்க்காமல், பகல் மாத்திரையையும் சேர்த்து, விடியுமுன் சாப்பிடும் ஸஹரிலேயே விழுங்கச் சொல்லிவிட்டேன். அன்று பிற்பகலில் தூக்கத்திலேயே போய்விட்டார். வயதாகிவிட்டது என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் என் பிழைப்பு போகும்.

இந்த ரமலானில் ஹாஜியாருக்கு அழுத்தம் பார்க்கப் போனேன். மாலை 5.48.

"ஏறியிருக்கு ஹாஜியார். நேத்து ராத்திரி வாத்துக்கறி சாப்பிட்டீங்களா?"

"நினைச்சேன். அவ்வளவுதான்."

"நினைக்கவும் வேண்டாம்."

"என் பொண்டாட்டியே தேவலை மகளே!"

அப்போது சமையலறையில்... டக்... டக்... டக்...

வெண்கல உரலில் எதையோ பொடிக்கும் சத்தம்.

"உள்ளே யாரு?"

"யாருமில்லையே. பூனையா இருக்கும்."

பூனை உரல் இடிக்குமா?

6.02. வானொலியில் நோன்பு திறக்கும் பீரங்கி முழங்கியது. என் கையருகே ஒரு தம்ளர் தண்ணீர். அவர் வைத்ததென்று நினைத்துக் குடித்தேன். அடியில் கசந்தது. நாக்கில் வெள்ளைப் பொடி.

அவர் தொழப் போனார்.

6.25. வியர்த்துக் கொட்டியது. என் விரலையே குத்திப் பார்த்தேன். சர்க்கரை முப்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

எனக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

மேசையில் தேன் இருந்தது. கரண்டியை வாயருகே கொண்டுபோனேன்.

வாய் திறக்கவில்லை.

சில்லென்ற ஒரு கை... என் தாடையை அழுத்திப் பிடித்திருந்தது.

காதோரம் மூச்சு.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, நர்ஸம்மா..."

6.31.

அதன்பின் தெரியாது.

மருத்துவமனையில் கண் விழித்தேன். "சர்க்கரை மாத்திரையை எதுக்கும்மா முழுங்கின? ரத்தத்துல இருக்கு" என்றார் டாக்டர்.

ஹாஜியார் பதறினார். "எங்க வீட்ல அது ஏது டாக்டர்? தண்ணிகூட நான் எடுத்துக் குடுக்கலையே!"

உண்மைதான். அந்த வீட்டில் மாத்திரை இல்லை. இன்ஷிராஹ் இறந்த அன்றே, யாரும் எண்ணிப் பார்த்துவிடக் கூடாதென்று, மிச்சத்தைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றியது நான்தான்.

இது நடந்தது பதினோராம் நோன்பன்று.

இன்னும் பத்தொன்பது இருக்கின்றன.